இந்த வருஷத்து நிறம் என்ன?

(மூன்றாம் ஆண்டு, உள் அலங்காரப் பிரிவு)



சேலைக்கு ஃபேஷன் உண்டு. தலைமுடிக்கு உண்டு. செருப்புக்குக்கூட உண்டு. இப்போது சுவருக்கும் வந்துவிட்டது! உள் அலங்காரப் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "ஏம்மா, இப்ப என்ன கலர் ட்ரெண்டு?" அத்தை கேட்கிறார். எதிர்வீட்டு அக்கா கேட்கிறார். ஹவுஸ் ஓனர் கேட்கிறார். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால், எல்லோருக்கும் சேர்த்து நம் மாணவர் பேரவை மலரிலேயே எழுதிவிடலாம் என்று துணிந்துவிட்டேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்ரெண்டைப் பார்த்து வீட்டுக்கு நிறம் தேர்ந்தெடுப்பது, அடுத்தவர் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வது மாதிரி. ஃப்ரேம் அழகாக இருக்கலாம், பவர் பொருந்தாது! இதை டிசைன் படிக்கிறவளே சொல்கிறாளே என்று சிரிக்க வேண்டாம். கடைசிவரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

யார் வைக்கிற சட்டம்?

'இந்த ஆண்டின் நிறம்' என்று ஒன்றை அறிவிக்கும் வழக்கத்தைப் பெரிதாக்கியது அமெரிக்காவின் பான்டோன் கம்பெனி. அது சுவர் பூசுகிற கம்பெனி அல்ல என்பதை முதலில் கவனியுங்கள். அச்சு மைகளுக்கு நம்பர் கொடுத்து, எந்த ஊரில் அச்சடித்தாலும் ஒரே நிறம் வரும்படி 1963-இல் ஒரு முறையை உண்டாக்கியவர்கள் அவர்கள். நல்ல வேலைதான், மறுக்கவில்லை. 2000-ஆம் ஆண்டுக்கு ஒரு வான நீலத்தை முதன்முதலாக 'ஆண்டின் நிறம்' என்றார்கள். அன்றிலிருந்து வருஷா வருஷம் ஒன்று. 2016-க்கு ஒன்று போதாமல் இளஞ்சிவப்பு, இளநீலம் என்று இரண்டு. 2021-க்குச் சாம்பலும் மஞ்சளும். 2023-க்கு மெஜந்தா. 2024-க்குப் பீச் பழ நிறம்.

இப்போது ஒரு வேடிக்கை. 2025-க்குப் பான்டோன் சொன்னது ஒரு காப்பிப் பழுப்பு. அதே 2025-க்கு டூலக்ஸ் பெயிண்ட் சொன்னது பளீர் மஞ்சள். ஒரே உலகம், ஒரே ஆண்டு. ஒருவர் பழுப்பு என்கிறார், இன்னொருவர் மஞ்சள் என்கிறார். உலகத்து மக்களின் மனநிலையை ஆராய்ந்து நிறத்தைக் கண்டுபிடிப்பதாக இவர்கள் சொல்வது உண்மையானால், இரண்டு பேர் ஆராய்ச்சியிலும் ஒரே நிறமாவது, பக்கத்து நிறமாவது வந்திருக்க வேண்டாமா? இது பஞ்சாங்கம் அல்ல, விளம்பரம்! விளம்பரம் செய்வது வியாபாரியின் உரிமை. அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வதுதான் நம் தவறு.

அமெரிக்கர்களே இதில் பட்டவர்கள்தான். 1970-களில் அங்கே ஃபிரிட்ஜ், அடுப்பு, சமையலறை அலமாரி எல்லாம் அவகாடோ பழப் பச்சையில் வந்தன. நாகரிகத்தின் உச்சம் என்று வாங்கிப் போட்டார்கள். பின்னாளில் அதே பச்சை பழைய வீட்டின் அடையாளமாகி, கேலிப் பொருளாகிவிட்டது. ஃபிரிட்ஜையாவது வாசலுக்குத் தள்ளிவிடலாம். சுவரை என்ன செய்வது?

நாவலூரில் நான் பார்த்தது

தொழிற்பயிற்சிக்காக நாவலூர் பக்கம் ஓர் அலங்கார நிறுவனத்தில் ஆறு மாதம் இருந்தேன். பழைய மகாபலிபுரம் சாலையை உங்களில் பலருக்குத் தெரியும். சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர், சிறுசேரி என்று அடுக்குமாடிகள் வரிசை கட்டி நிற்கின்றன. உள்ளே போய்ப் பாருங்கள். பாதி வீடு சாம்பல். தரை சாம்பல், சோபா சாம்பல், சுவர் கரும்சாம்பல். "இதுதான் இப்ப க்ளாஸ்" என்று செல்போனில் படம் காட்டிக் கேட்டு வாங்கியது. அந்தப் படம் எந்த நாட்டு வீடோ, எந்த மாதத்து வெயிலில் எடுத்ததோ, யாருக்குத் தெரியும்?

நான் பயிற்சி பெற்ற இடத்தில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. வாடிக்கையாளர் வந்ததும் முதலில் 'இந்த வருஷத்து' ஆல்பத்தைத்தான் விரிக்க வேண்டும். சாதாரண எமல்ஷன் அட்டை மேஜைக்குக் கீழே இருக்கும். காரணம் எளிது. டெக்ஸ்சர், மெட்டாலிக், அடர் நிறங்கள், இதிலெல்லாம் சதுர அடிக்கு வரும் காசு அதிகம். வீட்டுக் கடன் இருபது வருஷத்துக்கு வாங்கியிருக்கும் குடும்பம், அந்த மயக்கத்தில் இன்னொரு தனிநபர் கடனையும் தலையில் ஏற்றிக்கொள்வதை நேரில் பார்த்தேன்.

அப்படி ஒரு வீடு. படுக்கையறை நான்கு சுவரும் கரும்சாம்பல். மகனுக்கும் மருமகளுக்கும் பெருமை தாங்கவில்லை. வேலை முடிந்து நாங்கள் அளவு சரிபார்க்கப் போனபோது, அந்த வீட்டுப் பாட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏன் கண்ணு, பகல்லயே லைட்டு போட்டாலும் மாத்திரை அட்டையில எழுதினது தெரியல. இந்தச் சுவரு வெளிச்சத்த முழுங்குதா?" என்று கேட்டார்.

தோழர்களே, எங்கள் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முழுக்கச் சொல்கிற விஷயத்தை அந்தப் பாட்டி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஆமாம், சுவர் வெளிச்சத்தை விழுங்கும்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம். தரை 120 சதுர அடி. நான்கு சுவரும் சேர்ந்தால் 440 சதுர அடி. அதாவது தரையைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். அறையின் வெளிச்சத்தை நிர்ணயிக்கும் பெரிய முதலாளி சுவர்தான்.

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு ஒன்று உண்டு. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. நல்ல வெள்ளைப் பெயிண்ட் 80-க்கு மேல் வரும். கரும்சாம்பல் 10-ஐ ஒட்டி இருக்கும். விளக்கிலிருந்து 100 பங்கு ஒளி சுவரில் படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சுவரில் ஒருமுறை பட்டால் 80 திரும்பும், இரண்டாம் முறை பட்டால் 64 மிஞ்சும். கரும்சாம்பலில்? முதல் முறை 10, இரண்டாம் முறை 1. அறுபத்துநாலு எங்கே, ஒன்று எங்கே! அதிலும் அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக் கண்ணில் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மகனுக்கு 'மூட் லைட்டிங்' ஆகத் தெரிவது பாட்டிக்கு அமாவாசை.

எலக்ட்ரிகல் நண்பர்களே, உங்கள் பங்குக்கு: இந்த இருட்டைச் சரிக்கட்ட 20 வாட்ஸ் எல்.ஈ.டி. இரண்டு கூடுதலாக மாட்டி, தினம் ஆறு மணி நேரம் எரித்தால் மாதம் 7.2 யூனிட். ரெண்டு மாத பில்லில் 14 யூனிட்டுக்கு மேல். ஒரே ஓர் அறைக்கு! பூசிய அன்று ஒருமுறை கொடுத்த காசு போதாதென்று, பூசிய நிறத்துக்கு மின்வாரியத்துக்கும் வாடகை கட்டுகிறோம்.

சிவில் நண்பர்களே, உங்களுக்கும் ஒன்று. நாவலூருக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டினால் கடல். காற்றிலும் உப்பு, பல இடங்களில் போர் தண்ணீரிலும் உப்பு. ஆர்.சி.சி. கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்வதை நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறோம். ஆனால் அந்தத் தண்ணீரிலேயே பூச்சு வேலையும் நடந்து, காயக் காத்திராமல் சாவி கொடுக்கும் தேதிக்காக அவசர அவசரமாகப் பெயிண்டும் அடித்தால் என்ன ஆகும்? புதுப் பூச்சில் காரம் இருக்கும், ஈரம் இருக்கும். குறைந்தது 28 நாளாவது விட வேண்டும். விடாவிட்டால் அந்தக் காரம் சில நிறமிகளையே வெளிறச் செய்துவிடும். ஈரம் வெளியேறும்போது உப்பைச் சுவர் முகத்துக்குக் கொண்டுவந்துவிடும். வெள்ளைச் சுவரில் உப்புப் பூத்தால் கண்ணுக்குத் தெரிய நாளாகும். கரும்சாம்பலில் பூத்தால் திருநீறு பூசின மாதிரி வாசலிலிருந்தே தெரியும்!

அங்கே எங்களோடு வேலை செய்த பெயிண்டர் அண்ணன் சொல்வார்: "தங்கச்சி, லைட் கலர்ல டச்சப் போட்டா தெரியாது. டார்க் கலர்ல போட்டா மாடு நக்கின மாதிரி தெரியும். அப்புறம் முழுச் சுவரும் திரும்ப அடிக்கணும். அந்தக் கூலியை யாரு குடுப்பா?" அவர் டிப்ளமோ படித்தவர் அல்ல. ஆனால் அந்த ஆறு மாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய வாத்தியார் அவர்தான்.

'லோக்கல் கலர்' என்று ஒரு வசை

இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம்.

எங்கள் தொழிலில் 'டீசன்ட் கலர்', 'லோக்கல் கலர்' என்று இரண்டு சாதி உண்டு. சாம்பல், பிஸ்கட், பழுப்பு இவையெல்லாம் டீசன்ட். கிளிப்பச்சை, ரோஸ், மாம்பழ மஞ்சள், மயில் நீலம் இவையெல்லாம் லோக்கல். யார் பிரித்தார்கள்? நிறத்துக்கு ஏது ஏழை, பணக்காரன்? நன்றாக யோசித்துப் பாருங்கள். கேலி செய்யப்படுவது பச்சை அல்ல. அந்தப் பச்சையை அடித்துக்கொண்ட வீட்டுக்காரர்தான்.

தாம்பரத்துக்குத் தெற்கே எந்தக் கிராமத்துக்குள் வேண்டுமானாலும் போங்கள். கொத்தனார் வேலை பார்த்துச் சிறுகச் சிறுகச் சேர்த்து, இரண்டு அறை கட்டி, கடைசியில் மிஞ்சிய காசில் ரோஸ் கலர் அடித்திருப்பார். அந்த ரோஸ் அவருடைய வெற்றி. 'நானும் கட்டிட்டேன் பாரு' என்று தெருவுக்குச் சொல்கிற குரல். அதைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிற டிசைனருக்கு நிறம் தெரியலாம், மனிதரைத் தெரியாது.

மெக்சிகோ நாட்டில் லூயிஸ் பாரகான் என்று ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார். அடர் ரோஸ், ஆரஞ்சு, மஞ்சள் என்று தன் ஊர்ச் சந்தையிலும் கிராமத்திலும் பார்த்த நிறங்களையே சுவர்களில் எழுப்பினார். 1980-இல் கட்டடக் கலையின் மிக உயர்ந்த பிரிட்ஸ்கர் பரிசு அவருக்குக் கிடைத்தது. மெக்சிகோ ரோஸ் உலகத் தரம், செங்கல்பட்டு ரோஸ் லோக்கலா? என்ன நியாயம் இது?

நம் சாலையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. துரைப்பாக்கம் அருகே கண்ணகி நகர். நகரத்தின் குடிசைப் பகுதிகளிலிருந்து 2000-ஆம் ஆண்டு முதல் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட மக்களின் குடியிருப்பு. பெயரைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்கிய காலம் உண்டு. 2020-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பும் ஏஷியன் பெயிண்ட்ஸும் அங்கே சுவர்களில் பிரமாண்டமான ஓவியங்களைத் தீட்டின. பார்க்கவென்று வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பத்திரிகைகள் எழுதின. அந்தச் சுவர்களைப் பார்க்கும்போது எனக்கு இரண்டும் தோன்றுகிறது. நிறம் ஓர் ஊரின் முகத்தை மாற்றும் என்பது கண்கூடு. ஆனால் வெளிச்சுவரில் பெயிண்ட் அடித்ததால் உள்ளே அறை பெரிதாகிவிடாது, குழாயில் தண்ணீர் வந்துவிடாது. நிறத்துக்கு எவ்வளவு சக்தி உண்டோ அவ்வளவுதான் உண்டு. அலங்காரம் படிக்கிற நாம் இந்த எல்லையை மறக்கக் கூடாது.

சுண்ணாம்பு திரும்பி வந்த கதை

நம் தாத்தா காலத்தில் சுவருக்கு என்ன அடித்தார்கள்? கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு, அதில் கொஞ்சம் நீலம். கீழே காவிப்பட்டை. பொங்கலுக்கு முன்னால் வருஷம் தவறாமல் வெள்ளையடிப்பு. சுண்ணாம்புக்குக் காரத்தன்மை உண்டு, பூஞ்சை எளிதில் பிடிக்காது. சுவரின் ஈரத்தைப் பூட்டி வைக்காமல் மூச்சு விடச் செய்யும். வெயிலைத் திருப்பி அனுப்பும். செட்டிநாட்டு வீடுகளில் அதே சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர்கள் இன்றும் கண்ணாடியாய் மின்னுகின்றன. நிறம் வேண்டுமா? அதைத் தரையில் வைத்தார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் கலர் சிமெண்டை ஊற்றிக் கையாலேயே செய்யும் ஆத்தங்குடிக் கற்களைப் பாருங்கள். சுவர் வெளிச்சத்துக்கு, தரை கொண்டாட்டத்துக்கு! எவ்வளவு தெளிவான டிசைன்!

பிறகு டிஸ்டம்பர் வந்தது, எமல்ஷன் வந்தது. சுண்ணாம்பு பட்டிக்காடு ஆனது. இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? 'லைம்வாஷ் ஃபினிஷ்' என்று பெரிய கடைகளில் டப்பாவில் விற்கிறார்கள். பாட்டி வீட்டுத் திண்ணையில் சும்மா கிடந்த திட்டுத்திட்டான வெள்ளைக்கு, சதுர அடிக் கணக்கில் விலை! இன்னும் கேளுங்கள். 2026-க்குப் பான்டோன் அறிவித்த நிறம் எது? வெள்ளை! 'மேக நடனக்காரர்' என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். இருபத்தைந்து வருஷம் உலகத்தைச் சுற்றிவிட்டு, கடைசியில் நம் போகிப் பண்டிகைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். வாங்க, வாங்க!

மொட்டை மாடிக்கும் இதே கதைதான். வெயிலைத் தடுக்கக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கச் சொல்லி 2023-இல் தெலங்கானா அரசு 'குளிர்கூரைக் கொள்கை' என்று ஒன்றையே கொண்டுவந்தது. நம் வீடுகளில் அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தவர்களுக்கு யாரும் கொள்கை எழுதித் தரவில்லை. உள்ளங்கால் சுட்டதே, அதுதான் அவர்களுக்குக் கொள்கை!

மறுபக்கமும் உண்டு

"அப்படின்னா எல்லாரும் வெள்ளை அடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கணுமா?" என்று என் வகுப்புத் தோழி சண்டைக்கு வந்தாள். நியாயமான கேள்வி. புதிதாக ஒன்றைப் பார்க்க ஆசைப்படுவது மனித இயல்பு. ட்ரெண்ட் என்ற ஒன்று இல்லாவிட்டால் பலருக்கு நிறத்தைப் பற்றிய பேச்சே வந்திருக்காது. ஒரு சுவர், ஒரு திரைச்சீலை, ஒரு மெத்தை விரிப்பு என்று மாற்றிப் பார்ப்பதில் என்ன தப்பு? அலுத்தால் திரையைக் கழற்றிவிடலாம். நான் எதிர்ப்பது நிறத்தை அல்ல. எந்தத் திசை அறை, யார் படுக்கிறார்கள், எவ்வளவு காசு என்று ஒன்றும் கேட்காமல் நிறத்தைத் திணிப்பதைத்தான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல்களில் காரீயம் சேர்ப்பது வெகுகால வழக்கம். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. 2016-இல் மத்திய அரசு விதி போட்டு, 2017 நவம்பர் 1 முதல் வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனால் பழைய ஜன்னல் கம்பியிலும் கதவிலும் இருக்கும் பழைய பெயிண்ட் எங்கே போகும்? 'புது ட்ரெண்டு' என்று அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது கிளம்பும் தூசியை முதலில் மூக்கில் வாங்குபவர் பெயிண்டர் அண்ணன். அடுத்து அந்த வீட்டுக் குழந்தை. ஈரப்படுத்தித் தேய்க்கச் சொல்லவும், முகக்கவசம் வாங்கிக் கொடுக்கவும் எஸ்டிமேட்டில் ஒரு வரி எழுத நமக்கு மனம் வரவில்லையென்றால், டிசைனர் என்று போர்டு மாட்டுவதில் அர்த்தம் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

நாளைக்கு சைட்டில் நிற்கப்போவது நாம்தான். ஆர்க்கிடெக்ட் மாதத்துக்கு ஒருமுறை வருவார். முதலாளி போனில் வருவார். வீட்டுக்காரம்மா கையில் கலர் அட்டையோடு வந்து, "நீங்க சொல்லுங்க, எது நல்லா இருக்கும்?" என்று கேட்பது டிப்ளமோ படித்த சூப்பர்வைசரைத்தான். அப்போது ஆல்பத்தை விரிப்பதற்கு முன்னால் நான்கு கேள்வி கேட்போம்.

இந்த அறைக்கு வெயில் எந்தப் பக்கம் வருகிறது?

இதில் அதிக நேரம் இருக்கப்போவது யார், அவருக்கு என்ன வயசு?

திரும்ப எப்போது பெயிண்ட் அடிக்க உங்களால் முடியும்?

சின்ன வயதில் நீங்கள் இருந்த வீட்டில் எந்த நிறம் உங்களுக்குப் பிடித்திருந்தது?

பிறகு ஒரே ஒரு சின்ன டப்பா வாங்கி, சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்துக் காட்டுவோம். காலையில் ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை, ட்யூப்லைட்டில் ஒருமுறை பார்க்கச் சொல்வோம். அட்டையில் தெரிந்த நிறம் வேறு, நம் வெயிலில் தெரியும் நிறம் வேறு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகும் கிளிப்பச்சைதான் வேண்டும் என்றால், முகம் சுளிக்காமல் கிளிப்பச்சை அடிப்போம். வாழப்போவது அவர்கள்.

அத்தைக்கும், எதிர்வீட்டு அக்காவுக்கும், ஹவுஸ் ஓனருக்கும் என் பதில் இதுதான்: இந்த வருஷத்து நிறம் எது என்று எந்தக் கம்பெனியைக் கேட்டாலும் சொல்லும். உங்கள் வீட்டு நிறம் எது என்று உங்கள் ஜன்னலுக்கும், உங்கள் வீட்டுப் பாட்டிக்கும்தான் தெரியும். முதலில் அவர்களைக் கேளுங்கள்.

சிந்திப்போமா, தோழர்களே?